கத்திரி வெயிலுக்கு உருகாத மெழுகு

ஆண்டுக்கு ஒருமுறை, நான் உயிரோடுதான் இருக்கிறேன் என்று ஒரு டாக்டர் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். அப்போதுதான் பென்ஷன் வரும். அதற்காகப் போன மாதம் திண்டிவனத்தில் நான் வேலை பார்த்த அதே ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். டாக்டர் வார்டுக்குப் போயிருந்ததால் மருந்து கொடுக்கும் அறையில் உட்காரச் சொன்னார்கள். அங்கே இப்போது மருந்து அரைக்கும் கல்வமும் இல்லை, தராசும் இல்லை. எல்லாம் அட்டைப் பெட்டியில் வந்து இறங்குகிறது. கம்பவுண்டர் என்று கூப்பிட்டால் கோபித்துக்கொள்ளும் இரண்டு பேர், ஒரு பெண்ணும் ஒரு பையனும், வாரப் பத்திரிகை ஒன்றை விரித்துவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஐயா, இங்க பாருங்களேன். ஒட்டிப்போன கன்னத்துல ஊசி போட்டு உப்ப வச்சிடறாங்களாம். உங்க காலத்துல இதெல்லாம் ஏது?" என்றாள் அந்தப் பெண்.

"இருந்திச்சிம்மா. அந்த ஊசிக்குள்ள போற சரக்க நான்தான் காய்ச்சிக் குடுத்தேன்" என்றேன்.

கிழவன் கதை விடுகிறான் என்று நினைத்து இரண்டு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டுக் கையெழுத்தை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். வீட்டில் சோறு இறங்கவில்லை. நாற்பது வருஷமாக யாரிடமும் முழுசாகச் சொல்லாத விஷயம் அது. சொல்லித் தொலைத்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

நான் ஒலக்கூர்ப் பக்கம். அப்பா அடுத்தவர் நிலத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கப் போனவர். மிஷன் பள்ளிக்கூடத்தில் சேர்த்ததால் நாலெழுத்து வந்தது. பாதிரியார் ஒருவர் கைதூக்கிவிட்டதால் கம்பவுண்டர் பரீட்சை பாஸ் செய்தேன். இருபத்திரண்டு வயதில் விழுப்புரத்தில் வேலை கிடைத்தது. படித்த கதை அவ்வளவுதான். அதற்குமேல் சொல்ல அதில் ஒன்றும் இல்லை.

விழுப்புரத்தில் நான் பெயர் வாங்கியது களிம்பில். சொறி, சிரங்கு, படை இல்லாத குடும்பம் அந்தக் காலத்தில் கிடையாது. களிம்பு வாங்க வருகிறவர்கள் கொட்டாங்கச்சி கொண்டுவருவார்கள், இல்லையென்றால் பூவரச இலை. பங்குனி பிறந்துவிட்டால் போதும், நாங்கள் கொடுத்த களிம்பு அவர்கள் ஊர் எல்லையைத் தொடுவதற்குள் எண்ணெயாகி மடியெல்லாம் வழிந்துவிடும். "இன்னா கம்பவுண்டரே, மருந்து குடுத்தியா, வெளக்குக்கு எண்ண குடுத்தியா?" என்று மறுநாள் வந்து சண்டை போடுவார்கள்.

களிம்புக்கு அடிச்சரக்கு வாசலைன். அது இளக்கமானது. அதோடு கட்டி மெழுகு சேர்த்தால் இறுகும். புத்தகத்தில் போட்டிருக்கும் அளவு குளிர்ந்த ஊர்களுக்கானது. நான் மெழுகைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போனேன். ஒவ்வொரு தடவையும் ஒரு பொட்டு எடுத்து, ஆஸ்பத்திரிப் பின்பக்கத் தகரக் கூரைமேல் உச்சி வெயிலில் வைப்பேன். கத்திரி வெயிலில் சர்ச்சுப் பீடத்து மெழுகுவர்த்தியே தலை குனிந்துவிடும் ஊர் அது. கடைசியில் ஒரு கலவை குனியாமல், வழியாமல், வைத்தது வைத்தபடி நின்றது. 'உருகாத களிம்பு' என்று அதற்கு ஜனங்களே பெயர் வைத்தார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. அரசாங்கமே என்னை நம்பித்தான் நடக்கிறது என்கிற மாதிரி நடந்தேன்.

யுத்த காலத்தில், பர்மாவிலிருந்து ஜனங்கள் கூட்டம்கூட்டமாகத் திரும்பி வந்தார்கள் அல்லவா, அப்போது விழுப்புரம் ஜங்ஷன் பக்கத்தில் ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்து ஒரு டாக்டர் வந்து உட்கார்ந்தார். ரங்கூன் டாக்டர் என்றுதான் ஊரில் சொல்வார்கள். பெயர் இருந்தது, எழுத மனம் இல்லை. சில்க் சட்டை, தங்க ஃப்ரேம் கண்ணாடி, வாயைத் திறந்தால் தேன். தழும்பு, குழிவிழுந்த கன்னம், சப்பை மூக்கு எல்லாவற்றையும் ஊசியால் சரிசெய்வதாகச் சொன்னார். கையோடு கொண்டுவந்த சீமைச் சரக்கு தீர்ந்துவிட்டது, யுத்தத்தில் கப்பல் வரவில்லை. என்னைத் தேடி ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டார்.

"தம்பி, உருகாத களிம்பு காய்ச்சறது நீங்கதானாமே? ரங்கூன்ல, சிங்கப்பூர்ல விசாரிச்சிட்டேன், உங்க கை மாதிரி ஒரு கை கிடையாது" என்றார்.

விழுப்புரத்துக் கம்பவுண்டரைப் பற்றி சிங்கப்பூரில் யார் இவரிடம் சொல்லியிருப்பார்கள்? அந்தக் கேள்விகூட எனக்குத் தோன்றவில்லை. குளிர்ந்துபோய் நின்றேன். வாசலைனோடு மெழுகு கலந்து, கிருமி போகக் காய்ச்சி, ஊசியில் ஏறுகிற பக்குவத்தில் வேண்டும் என்றார். கன்னத்துத் தோலுக்கு அடியில் வைப்பதற்கு என்று சொல்லித்தான் கேட்டார். தெரியாமல் கொடுத்தேன் என்று சாக்குச் சொல்ல எனக்கு வழியே இல்லை.

அவர் ஒரு அளவு எழுதிக்கொடுத்தார். பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. இந்த இளக்கத்தில் காய்ச்சினால் சித்திரை மாதத்தில் கன்னத்துக்குள் உருகி ஓடிவிடாதா? பாவம், ரங்கூன் மழையில் பிழைத்த மனிதர், விழுப்புரத்து வெயிலைப் பற்றி இவருக்கு என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். என் அளவுப்படியே மெழுகைக் கூட்டினேன். அவரிடம் சொன்னேன். "பேஷ், பேஷ்" என்று முதுகில் தட்டினார். அந்தத் தட்டலுக்காகத்தான் செய்தேன். வேறு எதையும் நான் அவரிடம் வாங்கவில்லை.

என் சரக்கை முதன்முதலில் ஏற்றிக்கொண்டவள் பவுனம்மா. இருபது வயசு இருக்கும். புருஷன் ஏழுமலை பட்டாளத்தில் லாரி ஓட்டப் போயிருந்தான். பவுனம்மாவுக்குச் சின்ன வயசில் தாடையில் கட்டி வந்து, எலும்புச் சில்லு எடுத்ததில் இடது கன்னம் உள்வாங்கிக்கொண்டது. அதில் ஒரு நெல்லிக்காயை வைக்கலாம். புருஷன் கடிதாசி போட்டிருந்தான், ஒரு போட்டோ எடுத்து அனுப்பு என்று. இவள் ஆசையாய்ப் போட்டோக் கடைக்குப் போய் உட்கார்ந்தாள். "அந்தக் கன்னத்தக் காட்டாதம்மா, இப்படித் திரும்பு" என்று சொல்லிவிட்டான் போட்டோக்காரன். எழுந்து வந்துவிட்டாள்.

"கட்டிக்கினவரு ஒண்ணியும் சொன்னதில்லீங்க. அவுரு லீவுல வரச்சொல்ல ரெண்டு கன்னமும் ஒண்ணா இருந்தா போதும்" என்று டாக்டரிடம் சொன்னாள். மாமியாரிடம் பல் பிடுங்கப் போவதாகச் சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

என்னையும் கூடவே நிற்கச் சொன்னார் டாக்டர். வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் மெழுகுக் கிண்ணத்தை வைத்துச் சூடேற்றினோம். உலோக ஊசிக்குழாயைக் கொதிக்கவைத்து, சூடு தணியாமலிருக்கத் துணி சுற்றினோம். கன்னத்தை ஸ்பிரிட்டால் துடைத்து மரத்துப்போக மருந்து போட்டார். மெழுகு கீழ் இமைக்கு ஏறிவிடாதபடி என் இரண்டு விரலையும் கண் ஓரத்தில் அணைபோல் அழுத்தி வைத்துக்கொள்ளச் சொன்னார். என் சரக்கு இறுக்கமானதால் வழக்கத்தைவிடச் சூடு அதிகம் தேவைப்பட்டது. ஊசி முனையில் இரண்டு தடவை உறைந்து நின்றுவிட்டது. அவர் இன்னும் சூடாக்கினார்.

"சுடுதுங்க" என்றாள் பவுனம்மா.

"ஆச்சு, ஆச்சும்மா. அழகுன்னா சும்மாவா?" என்றார் டாக்டர்.

ஏற்றிய மெழுகைக் கன்னத்துக்கு மேலிருந்தே விரலால் பிசைந்து வழித்துச் சமமாக்க வேண்டும். அதற்கு அவகாசம் கிடைக்கவில்லை. என் மெழுகு சட்டென்று பிடித்துக்கொண்டது. அவர் நெற்றியில் வியர்த்தது. ஈரத்துணி போட்டு அழுத்தி, கண்ணாடியை அவள் கையில் கொடுத்தார். அவள் இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தாள். இரண்டு கன்னமும் ஒன்றாகத்தான் இருந்தது. நான் செய்த வேலையில் இதைவிட நல்ல வேலை இல்லை என்று அன்றைக்கு மனதாரக் கர்த்தருக்கு நன்றி சொன்னேன். எப்பேர்ப்பட்ட மடையன் நான்!

அதற்குப் பிறகு டாக்டருக்கு இன்னும் இரண்டு டப்பா காய்ச்சிக் கொடுத்தேன். சில மாதத்தில் என்னைத் திண்டிவனத்துக்கு மாற்றினார்கள்.

திண்டிவனத்தில் எனக்கு மேலதிகாரியாக இருந்த பெரிய டாக்டரைப் போல ஒரு மனிதரை நான் முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்க்கவில்லை. சத்தம் போடமாட்டார். தப்பு செய்தவனை எதிரில் நிற்கவைத்து, செய்ததை அவன் வாயாலேயே முதலிலிருந்து சொல்லச் சொல்வார். நடுவில் குறுக்கிட மாட்டார். சொல்லி முடித்ததும், "இன்னொரு தரம்" என்பார். இரண்டாம் தரம் சொல்லும்போது நமக்கே நம் புத்தி தெரிந்து முகம் சுண்டிவிடும். அதோடு முடிந்தது. எதையும் கண்ணால் பார்க்காமல், கையால் அளக்காமல் நம்பமாட்டார். ஒத்தடத் தண்ணீரில்கூட வெப்பமானியை விட்டுப் பார்ப்பார். ஊழியர்கள் அவருக்கு 'டிகிரி ஐயர்' என்று பெயர் வைத்திருந்தார்கள். அவர் ஐயரும் இல்லை.

மாசி, பங்குனி அம்மைக் காலம். அம்மை குத்துகிற உத்தியோகஸ்தர் ஒருவர் பிரம்மதேசம் பக்கத்துக் கிராமங்களைச் சுற்றிவிட்டு வந்து, டாக்டர் முன்னால் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

"சார், ஒரு வீட்டுல அம்மைன்னு வேப்பிலை கட்டிக்கிறாங்க. பாத்தா ஒரு கன்னத்துல மட்டும்தான் இருக்குது. அம்மா வந்தா ஒரு கன்னத்துல மட்டுமா சார் வருவா? வண்டி கட்டி அனுப்பிக்கிறேன், வந்துகினு இருக்காங்க" என்றார்.

மத்தியானம் வண்டி வந்தது. முன்னால் இறங்கியது மாமியார்க் கிழவி. இறங்கும்போதே ஆரம்பித்துவிட்டாள். "அம்மா வந்துகிற பொண்ண ஆஸ்பத்திரிக்கு இட்டாரலாமா சாமீ? அந்தக் குத்துற ஆளு கேட்டாத்தானே! மூணு தண்ணியும் ஊத்தியாச்சி. தாளிக்காம சோறு ஆக்கி ஒரு மாசத்துக்கு மேல ஆவுது. மாரியாத்தா எறங்கவே மாட்டேங்கறா." பின்னால் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு ஒருத்தி இறங்கினாள். டாக்டர் முந்தானையை விலக்கச் சொன்னார்.

பவுனம்மா! இடது கன்னம் முழுக்கச் செக்கச்செவேலென்று, கழற்சிக்காய்களைத் தோலுக்குள் போட்டுத் தைத்த மாதிரி முடிச்சு முடிச்சாய்ப் புடைத்திருந்தது. ஒரு முடிச்சு கீழ் இமைக்கே நகர்ந்துபோய், கண்ணைக் கீழே இழுத்துக்கொண்டிருந்தது. தோல் பளபளவென்று வெடிக்கிற நிலையில் இருந்தது. அதன்மேல் மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசிக் காய்ந்த பொருக்கு. அவளும் என்னைத் தெரிந்துகொண்டாள். தெரிந்துகொண்ட கண் கெஞ்சியது.

"இது அம்மை இல்லை. இந்தக் கன்னத்தில் யாராவது ஏதாவது வைத்தார்களா? ஊசி, பச்சிலை, ஏதாவது?" என்று டாக்டர் கேட்டார்.

பவுனம்மா இல்லை என்று தலையாட்டினாள். கிழவி, "யாரும் ஒண்ணியும் வைக்கலியே சாமீ, ஆத்தாதான் வந்தா" என்றாள். டாக்டர் அறை முழுவதையும் ஒரு தரம் பார்த்தார். நான் அலமாரிப் பக்கம் திரும்பி, எடுக்க வேண்டாத ஒரு சீசாவை எடுத்தேன்.

படுக்கை கொடுத்த பிறகு நான் ஒத்தடத் தண்ணீர் கொண்டுபோனேன். கிழவி வெளியே போயிருந்தாள். பவுனம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணே, சொல்லிடாதீங்க. ஊசி போட்டுகினேன்னு சொன்னா அடிச்சித் தொரத்துவாங்க. அம்மான்னா கும்புட்டுகினு இருக்காங்க. இப்பிடியே உட்டுடுங்க அண்ணே" என்றாள்.

"சரிம்மா, சொல்லல" என்றேன். அவளுக்காக அந்த வார்த்தையைச் சொன்னேன் என்று இத்தனை வருஷமும் மனதுக்குள் பொய் சொல்லிப் பார்த்திருக்கிறேன். இல்லை. வேலை போய்விடும், பெயர் போய்விடும் என்கிற பயம்தான். மெழுகு காய்ச்சியதைக்கூட அறியாமை என்று தள்ளிவிடலாம். தெரிந்தே வாயை மூடிக்கொண்டது அயோக்கியத்தனம்.

சாதாரணச் சீழ்க்கட்டி என்று எண்ணி டாக்டர் இரண்டு நாள் வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொன்னார். நானே கொடுத்தேன். சூடு படப்பட அது இன்னும் சிவந்தது. மூன்றாம் நாள் காலை, இமைக்குக் கீழே இருந்த முடிச்சு உடைந்துவிட்டது. உடனே மேசைக்கு எடுத்தார்கள். டாக்டர் கத்தியால் ஒரு சின்னக் கீறல் போட்டு அழுத்தினார். சீழோடு வெள்ளை வெள்ளையாய்க் குருணை வந்தது. நர்ஸ், "இதென்ன சார், புழுவா?" என்று பின்வாங்கினாள்.

டாக்டர் ஒரு குருணையை எடுத்து இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்தார். முகர்ந்தார். கண்ணாடிக் குழாயும் வெப்பமானியும் கேட்டார். குருணையைக் கழுவிக் குழாயில் போட்டு, என்னைக் கூப்பிட்டுத் தண்ணீரில் வைத்து மெல்லச் சூடேற்றச் சொன்னார். என் வாழ்க்கையில் அதைவிட நீளமான பத்து நிமிஷம் கிடையாது. தொண்ணூற்றெட்டு டிகிரி, ஒன்றும் ஆகவில்லை. நூற்றுப்பத்து, அப்படியே இருந்தது. நூற்றிருபதைத் தாண்டிய பிறகுதான் ஓரம் இளகிக் கண்ணாடியாய்த் தெளிந்தது.

"முகத்தில் ஏற்றுகிற மெழுகு இவ்வளவு இறுக்கமாக இருக்காது. இதைக் காய்ச்சியவன் களிம்பு காய்ச்சத் தெரிந்தவன். அதுவும் நம்ம வெயிலுக்குக் காய்ச்சத் தெரிந்தவன்" என்றார். யாரையும் பார்த்துச் சொல்லவில்லை, குழாயைப் பார்த்துத்தான் சொன்னார்.

"நான்தான் சார்" என்றேன்.

முதலிலிருந்து சொல்லச் சொன்னார். சொன்னேன். தகரக் கூரைமேல் வைத்துப் பார்த்ததைச் சொன்னேன். கன்னத்துக்குள் உருகிவிடக் கூடாது என்று கூட்டியதைச் சொன்னேன்.

"உடம்புக்குள்ளே ஏது ஐயா சித்திரை மாசம்? வெளியிலே கத்திரி வெயில் அடித்தாலும் மார்கழிப் பனி கொட்டினாலும் உள்ளே அதே தொண்ணூற்றெட்டுதானே?" என்றார்.

ஒன்பது வருஷமாக வெப்பமானியைக் கையில் வைத்துக்கொண்டு பிழைத்தவன் நான். இளக்கமாகச் செய்திருந்தால் சரியாய் இருந்திருக்குமா சார் என்று கேட்டேன். இல்லை என்றார். எப்படிச் செய்தாலும் அது நாளடைவில் முடிச்சுப் போடும், இடம் நகரும், புண் வைக்கும். சீமையிலேயே இதனால் முகம் போனவர்கள் ஏராளம். அங்கே விட்டுவிட்ட வழக்கத்தை இங்கே கொண்டுவந்து விற்றிருக்கிறான் அந்த ரங்கூன்காரன். என் இறுக்கமும் அந்தச் சூடும் அதைச் சீக்கிரப்படுத்தின.

"இன்னொரு தரம்" என்று சொல்வார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. "இரண்டு நாள்" என்று மட்டும் சொன்னார். நான் வாயை மூடிக்கொண்டு ஒத்தடம் கொடுத்த நாட்கள் அவை. செருப்பால் அடித்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

மெழுகு முழுவதையும் எடுக்க முடியவில்லை. அது சதை இழைக்குள் இழையாகக் கலந்துவிட்டிருந்தது. "கேப்பைக் களியில் கலந்த உப்பை எப்படி ஐயா தனியா எடுக்கறது?" என்றார். கண்ணுக்குக் கீழே இருந்ததையும், அழுகிய தோலையும் எடுத்தார். இமை கீழே இழுத்துக்கொண்டுவிட்டது. கண் மூடவில்லை. மூடாத கண் காய்ந்தால் குருடாகும். கண்ணையாவது காப்பாற்ற வேண்டும் என்பதுதான் அப்போது எங்கள் முன்னால் இருந்தது. விளக்கெண்ணெய்ச் சொட்டு இரண்டு மணிக்கு ஒரு தரம், புண்ணுக்குச் சல்பா பொடி, காலையும் மாலையும் கட்டு.

"கட்டு மாற்றுவது இனிமேல் டிரஸ்ஸர் இல்லை, நீர். கேஸ் தாளில் என்ன பொருள், யார் செய்தது என்ற இடத்தை நீரே நிரப்பும்" என்றார்.

என் பெயரை நானே எழுதினேன். "மெழுகு காய்ச்சியது நான்தான் என்று அந்தப் பெண்ணிடம் சொல்ல வேண்டுமா சார்?" என்றேன்.

"அது உம்முடைய வாய்" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை ரயிலேறி விழுப்புரத்துக்கு ஓடினேன். ஜங்ஷன் பக்கத்து வீடு பூட்டிக் கிடந்தது. ரங்கூன் டாக்டர் ராவோடு ராவாகக் கிளம்பிவிட்டாராம், எந்த ஊர் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. மீதி இரண்டு டப்பா யார் யார் முகத்தில் இருந்தது என்பதும் தெரியவில்லை. விசாரித்து விசாரித்து ஒரே ஒருவரைக் கண்டுபிடித்தேன், ஒரு துணிக்கடை குமாஸ்தா. மூக்குத் தண்டை நிமிர்த்துவதற்குப் போட்டுக்கொண்டவர். மூக்கைக் கைக்குட்டையால் மறைத்துக்கொண்டே பேசினார். திண்டிவனத்துக்கு வாருங்கள் என்று கையைப் பிடித்துக் கெஞ்சினேன். வரவில்லை. மற்றவர்கள் என்ன ஆனார்கள் என்று இன்றுவரை தெரியாது.

பவுனம்மா சுவர்ப் பக்கம் திரும்பியே படுத்திருப்பாள். டாக்டருக்கும் எனக்கும் மட்டும் முகத்தைக் காட்டுவாள். கட்டு பிரிக்கும்போது கிழவியைக்கூட வெளியே போகச் சொல்லிவிடுவாள். டாக்டர் கிழவியிடம் ஊசி விவரத்தைப் பக்குவமாய்ச் சொல்லிவிட்டார். பவுனம்மா பயந்தபடி கிழவி அடிக்கவில்லை. "அடிப்பாவி, ஒரு மாசமா ஒனக்கு நான் கூழு ஊத்திக் கற்பூரம் ஏத்தினேனே, அந்த ஊசிக்காரனுக்கு இல்ல ஏத்திக்கிறேன்!" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். வார்டில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். பவுனம்மா சிரிக்கவில்லை.

தினமும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் கிண்ணத்தோடு போவேன். அவள், "அண்ணே, உங்க கை மெத்துனு இருக்குதுண்ணே" என்பாள். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று திரும்பிவிடுவேன். இப்படியே மூன்று வாரம் ஓடிற்று. கண் பார்வை தங்கிவிட்டது. புண் அடியிலிருந்து மூடிக்கொண்டு வந்தது. ஆனால் கன்னம், முன்னால் இருந்த குழியைவிட ஆழமாய், சுருங்கி, கோணலாய்ப் போயிருந்தது. கீழ் இமையின் உள்சிவப்பு எப்போதும் தெரிந்துகொண்டிருந்தது. ஒருநாள் மருந்துத் தட்டின் பளபளப்பில் அவள் அதைப் பார்த்துவிட்டாள். அதற்குப் பிறகு நான் தட்டின்மேல் துணி போட்டுக் கொண்டுபோனேன்.

அந்தச் சமயத்தில் தந்தி வந்தது. ஏழுமலைக்கு லீவு கிடைத்துவிட்டது. கிழவி சந்தோஷத்தில் வார்டு முழுக்கச் சொல்லிவிட்டாள். பவுனம்மா என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணே, அவுரு வந்தா நானு செத்துப்பூட்டேன்னு சொல்லிடுங்க. ஒங்களுக்குப் புண்ணியமாப் போவும். இந்த மூஞ்சிய அவுரு பாக்கக் கூடாது. பாத்தாருன்னா நானு மெய்யாலுமே கெணத்துல குதிச்சிடுவேன்."

அவள் வெறும் வார்த்தைக்குச் சொல்லவில்லை. ஆஸ்பத்திரிக் கிணற்றுக்கு மூடி போடச் சொல்லி டாக்டரிடம் போய் நின்றேன். அவர் ஒன்றும் கேட்காமல் பலகை போட ஆளை அனுப்பினார்.

ஏழுமலை காலை நேரத்தில், நான் கட்டுப் பிரித்துவைத்திருந்த சமயத்தில் வந்து நின்றான். காக்கிச் சட்டை, தோளில் பை, ரயில் புகை படிந்த முகம். கிழவி வாசலிலேயே பிடித்து ஒப்பாரி வைத்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டிருந்தாள். அவன் பூட்ஸ் சத்தம் கேட்டதும் பவுனம்மா சடாரென்று சுவர்ப் பக்கம் திரும்பி முந்தானையை இழுத்துக்கொண்டாள். கட்டு இல்லாத புண்மேல் முந்தானை பட்டுவிடும் என்று நான் அவள் கையைப் பிடித்தேன்.

"யாருய்யா பண்ணது? யாரு அந்தத் தேவடியாப் பையன்?" என்றான் ஏழுமலை. குரல் உடைந்திருந்தது.

"அவன் ஓடிப்பூட்டாண்டா" என்றாள் கிழவி.

இதற்குமேல் நாளைக்கு என்று தள்ள எனக்கு நாளே இல்லை என்று தெரிந்தது.

"ஓடிப்போனவன் ஒருத்தன்தான்பா. அவன் ஊசியில ஏத்தின மெழுகக் காய்ச்சிக் குடுத்தவன் நான். ஊசி போடறப்ப கண்ணுகிட்ட விரலு வச்சிப் புடிச்சவனும் நான். இங்க வந்தப்புறம் ரெண்டு நாளு சொல்லாம மறைச்சவனும் நான்தான்" என்றேன்.

அவன் அறைந்த அறையில் கிண்ணம் எகிறி விழுந்தது. எனக்குக் காது 'கொய்' என்றது. சட்டைக் காலரைப் பிடித்துச் சுவரோடு சாத்தினான். நர்ஸ் கத்தினாள். இரண்டாவது அடிக்குக் கையை ஓங்கினான். நான் தடுக்கவில்லை. அந்த அடி எனக்கு வேண்டியிருந்தது.

"உடு அவர" என்றாள் பவுனம்மா.

சுவரைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னாள். அவன் கை நின்றது.

"நீ யாரைப் பாத்துகினு இருக்கிற? ரெண்டு வருசம் கழிச்சி வந்துகிற, வந்ததும் அந்தாளத்தான் பாப்பியா? அவர அடிக்கறதுக்கு மின்னே என்னப் பாரு."

சொல்லிவிட்டு அவளே மெல்லத் திரும்பினாள். முந்தானையை விட்டுவிட்டாள். ஜன்னல் வெளிச்சம் நேராக அந்தக் கன்னத்தில் விழுந்தது. கட்டு இல்லை, பொடி இல்லை, ஒன்றும் இல்லை. பச்சைப் புண்ணும், இழுத்துக்கொண்ட இமையும், அதற்குள் நீர் தளும்பிய கண்ணும்தான். நான் தலையைக் குனிந்துகொண்டேன். கிழவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். ஏழுமலையின் கை என் காலரிலிருந்து தானாக நழுவியது.

அவன் கட்டில்கிட்டப் போனான். பூட்ஸ் காலோடு தரையிலேயே உட்கார்ந்து, அவள் முகத்துக்கு நேராக முகத்தை வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தான். அவள் கண்ணை எடுக்கவில்லை.

"இன்னா பவுனு, இப்பிடி எளச்சிப் பூட்டியே. சோறு துண்றியா இல்லியா?" என்றான்.

பவுனம்மா அப்போதுதான் அழுதாள். கண்ணீர் புண்ணில் இறங்கினால் எரியுமே என்று நான் பஞ்சை எடுத்துக்கொண்டு ஓடினேன். அவன் கொஞ்சம் நகர்ந்து எனக்கு இடம் விட்டான். நான் துடைத்து, பொடி போட்டு, கட்டை முடித்தேன்.